பெண் பிள்ளைக்கு எதற்குக் குத்துச்சண்டை?

"கராத்தே கற்றுக் கொள்ளட்டும், சிலம்பம் சுற்றட்டும், பரதம் ஆடட்டும். குத்துச்சண்டை மட்டும் வேண்டாம். மூக்கு உடைந்து போனால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?"

நம் வீடுகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. பட்டர்வொர்த் அடுக்குமாடி வீடாக இருந்தாலும் சரி, ஜெலுத்தோங் தரை வீடாக இருந்தாலும் சரி, பெண் பிள்ளை கையுறை வாங்கித் தரும்படி கேட்டால் பெற்றோரின் வாயிலிருந்து முதலில் வரும் பதில் இதுதான்.

வடகிழக்கு இந்தியாவின் மணிப்பூர் மாநிலத்தில் குத்தகை நிலத்தில் பயிர் செய்து வந்த ஒரு தகப்பனாரும் இதே கவலையைத்தான் வெளியிட்டார். அவருடைய மூத்த மகள் தடகளப் பயிற்சிக்கென்று இம்பால் நகருக்குப் போனவள். வீட்டுக்குத் தெரியாமல் குத்துச்சண்டைக்கு மாறிவிட்டாள். 2000ஆம் ஆண்டில் மாநில வெற்றியாளராகி, அவளுடைய படம் நாளிதழில் வந்த பிறகுதான் தகப்பனாருக்கு விஷயமே தெரிய வந்தது. முகத்தில் அடிபட்டால் கல்யாணம் எப்படி நடக்கும் என்று அவர் கோபித்துக் கொண்டார்.

அந்த மகள்தான் மேரி கோம். பின்னாளில் ஆறு முறை உலக வெற்றியாளர், ஒலிம்பிக் பதக்க வீராங்கனை. கல்யாணமும் நடந்தது. மூன்று ஆண் பிள்ளைகளுக்கும் தாயானார்.

மேரி கோமின் பெயரை நம்மில் பலர் அறிவோம். ஆனால் அவர் ஏறி நின்ற அந்த வளையத்தை, குத்துச்சண்டைக்காரர்கள் 'ரிங்' என்று சொல்வார்களே, அதைப் பெண்களுக்குத் திறந்து விட்டவர்கள் யார்? அந்தக் கதை பலருக்குத் தெரியாது.

கையில் காசு, முகத்தில் குத்து

கதை 1722ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்குகிறது. எலிசபெத் வில்கின்சன் என்ற பெண், ஹன்னா ஹைஃபீல்டு என்ற இன்னொரு பெண்ணுக்குப் பத்திரிகை வழியாகவே சவால் விட்டார். பந்தயம் மூன்று கினி. நிபந்தனைதான் வேடிக்கையானது. இருவரும் ஒவ்வொரு கையிலும் ஓர் அரை கிரவுன் நாணயத்தை இறுகப் பிடித்துக் கொள்ள வேண்டும். எவர் கையிலிருந்து காசு முதலில் விழுகிறதோ அவர் தோற்றவர்.

ஏன் இந்த நிபந்தனை? காசைப் பிடித்திருக்கும் கை விரியாது. நகத்தால் கீறவோ முடியைப் பிடித்து இழுக்கவோ முடியாது. மூடிய கையால் குத்த மட்டுமே முடியும். குத்துச்சண்டைக்கு முறையான விதிகள் எழுதப்படுவதற்கு முன்பே, இரண்டு பெண்கள் தங்களுக்கென்று இப்படியொரு விதியை வைத்துக் கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அதன் பிறகு நீண்ட காலத்திற்குப் பெண்களின் குத்துச்சண்டை திருவிழாக் கூடாரங்களில் காட்டப்படும் வேடிக்கையாகவே இருந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த பார்பரா பட்ரிக் அப்படிப்பட்ட கூடாரங்களிலிருந்து வந்தவர்தான். ஐந்தடி உயரம்கூட இல்லாத இவர், ஊரில் முறையான போட்டிக்கு வாய்ப்பில்லை என்று 1950களில் அமெரிக்கா போய்ச் சண்டையிட்டார். பின்னாளில் பெண்களுக்கென்றே ஓர் அனைத்துலகக் குத்துச்சண்டைச் சம்மேளனத்தை அமைத்து அதன் தலைவராகவும் இருந்தார். 2020ஆம் ஆண்டில் அனைத்துலகக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்திற்கு அவர் தேர்வு செய்யப்பட்டபோது அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கிவிட்டது.

நம் பினாங்கிலும் குத்துச்சண்டைக்கு ஒரு காலம் இருந்தது. சுவாத்தோ லேனில் இருந்த நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இன்று அங்கே சாப்பாட்டுக் கடைகள். அன்று ஒரு பக்கம் ஜோகெட் நடனம், மறுபக்கம் குத்துச்சண்டையும் மல்யுத்தமும். ஜோகெட் மேடையில் பெண்கள், சண்டை வளையத்தில் ஆண்கள் என்பதே அந்தக் காலத்து வழக்கம். 1975 ஜூலை முதல் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் மோதியதை இன்றும் பேசுகிறோம். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் சரவாக்கின் சாபோக் பிக்கி தங்கம் வென்றதையும் மறக்கவில்லை. அந்த 1998 போட்டியில் பெண்களுக்குக் குத்துச்சண்டையே கிடையாது. காமன்வெல்த் போட்டியில் பெண்கள் கையுறை அணிய 2014 கிளாஸ்கோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீதிமன்றமே முதல் வளையம்

பெண் குத்துச்சண்டை வீராங்கனைகளின் மிகப் பெரிய சண்டைகள் நீதிமன்றங்களில் நடந்தவை என்று சொன்னால் அது மிகையாகாது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்குத் தொழில்முறைக் குத்துச்சண்டை உரிமம் தர மறுத்து வந்தார்கள். 1970களில் ஜாக்கி டோனவாண்டாவும் கேத்தி டேவிஸும் வழக்குப் போட்டார்கள். 1978இல் இவர்கள் இருவருக்கும் மரியன் டிரிமியார் என்பவருக்கும் உரிமம் கிடைத்தது. உரிமம் கிடைத்ததே தவிர ஊதியம் கிடைக்கவில்லை. பெண்களுக்குத் தரப்படும் சொற்பத் தொகையை எதிர்த்து 1987இல் டிரிமியார் உண்ணாவிரதமே இருந்தார். எதிராளியின் குத்தைத் தாங்கப் பழகியவர், பசியையும் ஆயுதமாக்க வேண்டி வந்தது!

அமெச்சூர் பிரிவில் 1988இல் சுவீடன் முதலில் வழிவிட்டது. அமெரிக்காவில் 1993இல் டல்லாஸ் மல்லோய் என்ற 16 வயது மாணவி, பெண் என்ற காரணத்திற்காக அமெச்சூர் சங்கம் தன்னை ஒதுக்குவதாக வழக்குத் தொடுத்தார். தடை நீங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் முறைப்படி களமிறங்கி வெற்றியும் பெற்றார். அடுத்த ஆண்டே அனைத்துலக அமெச்சூர் சங்கமும் பெண்களை ஏற்றுக் கொண்டது. பள்ளி மாணவி ஒருத்தியின் பிடிவாதம் எத்தனை பெரிய கதவை அசைத்தது என்று பாருங்கள்.

பிரிட்டனின் ஜேன் கோச் வழக்கு இன்னும் விநோதமானது. ஏற்கெனவே உலகப் பட்டம் வென்றிருந்த அவருக்கு அந்நாட்டு வாரியம் உரிமம் தர மறுத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் பெண்களின் மனநிலை நிலையாக இருக்காது என்பது! 1998 மார்ச் மாதம் தீர்ப்பாயம் இந்த வாதத்தைத் தள்ளிவிட்டு ஜேன் கோச் பக்கம் தீர்ப்பளித்தது. பட்டம் வென்ற கைகளுக்கு உரிமம் வாங்கச் சட்டத்தின் துணை தேவைப்பட்டது.

வளையத்துக்கு வெளியே நின்று உழைத்த பெண்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1977இல் முகமது அலிக்கும் எர்னி ஷேவர்ஸுக்கும் நடந்த கனரகப் பட்டப் போட்டியில் புள்ளி வழங்கிய நடுவர்களில் ஒருவர் ஈவா ஷெயின் என்ற பெண்மணி. அத்தகைய போட்டிக்குப் புள்ளி வழங்கிய முதல் பெண் அவர். லாஸ் ஏஞ்சல்ஸில் பல ஆண்டுகள் போட்டிகளை ஏற்பாடு செய்த ஐலீன் ஈட்டன், புகழ் மண்டபத்தில் இடம் பெற்ற முதல் பெண்.

பெர்லினில் ஒரு நாள்

2009 ஆகஸ்ட் 13. பினாங்கு மக்கள் மறக்கக் கூடாத நாள் இது. அன்று பெர்லின் நகரில் அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் நிர்வாகக் குழு கூடி இரண்டு முடிவுகளை எடுத்தது.

ஒன்று, 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டைக்கு அனுமதி. ஆண்களின் குத்துச்சண்டை 1904ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக்கில் நுழைந்துவிட்டது. பெண்களுக்கு அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

இரண்டு, 2016 ஒலிம்பிக்கிற்குப் புதிய விளையாட்டுகளாகக் கோல்ஃப், ரக்பி இரண்டையும் பரிந்துரைத்தது. அந்தப் பட்டியலில் இடம் கேட்டு நின்ற ஸ்குவாஷ் கைவிடப்பட்டது.

ஸ்குவாஷ் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் நிக்கோல் டேவிட். இதே பினாங்கு மண்ணில் பிறந்தவர். எட்டு முறை உலக வெற்றியாளர். 2006ஆம் ஆண்டிலிருந்து 2015 வரை தொடர்ச்சியாக ஒன்பது ஆண்டுகள் உலகத் தரவரிசையில் முதலிடம். ஆனால் ஒலிம்பிக் களத்தில் ஒரு நாள்கூட அவர் விளையாடியதில்லை. 2019இல் ஓய்வு பெற்றார். ஸ்குவாஷுக்கு ஒலிம்பிக் கதவு திறந்ததோ 2023 அக்டோபரில்தான், அதுவும் 2028 போட்டிக்கு.

ஒரே நாள், ஒரே கூட்டம். மணிப்பூர்ப் பெண்ணுக்குக் கதவு திறந்தது, பினாங்குப் பெண்ணுக்கு மூடியது. திறமையும் உழைப்பும் இருவருக்கும் குறைவில்லை. வாய்ப்பு என்பது எங்கோ தூரத்தில் ஓர் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. "பெண்கள் ஏன் பதக்கம் வாங்கவில்லை?" என்று கேட்பதற்கு முன், அவர்களுக்குப் போட்டி இருந்ததா என்று கேட்பதே முறை.

சென்னையில் தொடங்கிய பயணம்

மேரி கோமின் பயணத்தில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. இந்தியாவின் முதல் பெண்கள் தேசியக் குத்துச்சண்டைப் போட்டி 2001 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்றது. அங்கே தங்கம் வென்ற மேரி கோம், அதே ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் நடந்த முதலாவது பெண்கள் உலகப் போட்டியில் 48 கிலோ பிரிவில் வெள்ளி வென்றார். அடுத்து 2002, 2005, 2006 என்று வரிசையாகத் தங்கம். 2006 புது டில்லி உலகப் போட்டியில் இந்தியப் பெண்கள் மொத்தம் நான்கு தங்கம் அள்ளினர். அவர்களில் ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த கே.சி. லேகா.

2007இல் மேரி கோமுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தனர். இத்துடன் அவர் ஆட்டம் முடிந்தது என்று பலரும் நினைத்தனர். 2008இல் சீனாவின் நிங்போவில் மீண்டும் தங்கம்! 2010இல் பார்படோஸில் ஐந்தாவது தங்கம்.

இலண்டனில் வேறொரு சோதனை காத்திருந்தது. அங்கே ஆண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகள். பெண்களுக்கு மூன்றே மூன்று: 51, 60, 75 கிலோ. 45 முதல் 48 கிலோ வரையிலான பிரிவுகளில் பட்டம் வென்று பழகிய மேரி கோம் 51 கிலோவுக்கு ஏற வேண்டியதாயிற்று. மூன்று கிலோதானே என்று தோன்றும். குத்துச்சண்டையில் மூன்று கிலோ என்பது எதிரில் நிற்பவரின் உயரம், கை நீளம், குத்தின் கனம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். தம் இரட்டைப் பிள்ளைகளின் ஐந்தாவது பிறந்த நாளன்று அவர் முதல் போட்டியில் போலந்து வீராங்கனையை வென்றார். அரையிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்றார். வெண்கலம் கிடைத்தது. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் தங்கம் வென்ற முதல் பெண் என்ற பெருமை அந்த ஆடம்ஸுக்கே போய்ச் சேர்ந்தது.

2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் தங்கம், 2018இல் மூன்று பிள்ளைகளின் தாயாக ஆறாவது உலகத் தங்கம் என்று அவர் கணக்கு நீண்டது. அவர் பின்னால் லவ்லினா போர்கோஹெய்ன் தோக்கியோவில் வெண்கலமும், நிக்கத் சரீன் 2022, 2023ஆம் ஆண்டுகளில் உலகப் பட்டமும் வென்றனர்.

தமிழ்நாட்டில் வட சென்னைதான் குத்துச்சண்டையின் தாய் வீடு. 'ரோசமான குத்துச்சண்டை' என்று அந்தக் காலத்தில் சுவரொட்டி ஒட்டுவார்கள். வாத்தியார், பரம்பரை என்று அங்கே அதற்கொரு தனி உலகமே உண்டு. ஆனால் பரம்பரையின் வாரிசுகளாக எண்ணப்பட்டவர்கள் ஆண் பிள்ளைகள்தாம். அந்த வழக்கத்தை மீறி வந்தவர்களில் சென்னையின் எஸ். கலைவாணியும் ஒருவர். தகப்பனார் குத்துச்சண்டைக்காரர், அண்ணனும் அப்படியே. 2019 தெற்காசியப் போட்டியில் 48 கிலோ பிரிவில் கலைவாணி தங்கம் வென்றார். எல்லாருக்கும் இப்படியொரு குடும்பம் வாய்ப்பதில்லை. துளசி என்ற இன்னொரு சென்னை வீராங்கனை வறுமையோடும் வீட்டோடும் சங்கத்தோடும் போராடியதை நார்வே நாட்டுப் பெண் இயக்குநர்கள் இருவர் 2013இல் ஆவணப் படமாக எடுத்தனர். 2016இல் சுதா கொங்கரா இயக்கிய 'இறுதிச்சுற்று' வந்த பிறகு, மீன் விற்கும் பெண்ணும் கையுறை மாட்டலாம் என்பது நம் திரையரங்குகளுக்கும் தெரிந்தது. அதில் நடித்த ரித்திகா சிங் நிஜத்திலும் சண்டைக் கலை பயின்றவர் என்பதால்தான் அந்தக் குத்துகளில் ஒரு நிஜம் இருந்தது.

மூக்கு உடையுமா?

சரி, பெற்றோரின் கவலைக்கு வருவோம். அடிபடுமா? படும். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. தலையில் விழும் குத்து மூளையைப் பாதிக்கக் கூடும் என்பது மருத்துவ உலகம் நெடுநாளாகச் சொல்லி வரும் உண்மை. ஆனால் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் தொழில்முறைச் சண்டையும் அமெச்சூர் குத்துச்சண்டையும் ஒன்றல்ல.

அமெச்சூரில் ஒரு சுற்று மூன்று நிமிடம், மொத்தம் மூன்று சுற்றுகள். ஐந்து நடுவர்கள் புள்ளியிடுவார்கள். சுற்றில் மேலோங்கியவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் குறைவு. இடுப்புக்கு மேல் முன்புறத்திலும் பக்கவாட்டிலும் கைமுட்டிப் பகுதியால் சுத்தமாக விழும் குத்துதான் கணக்கில் சேரும். பின்மண்டையில் குத்துவது குற்றம். ஆள் தடுமாறினால் களநடுவர் போட்டியை நிறுத்தி எட்டு வரை எண்ணுவார். தலையில் அடி வாங்கி வீழ்ந்தவர் குறைந்தது 30 நாள் களமிறங்கக் கூடாது. பல் காப்பு கட்டாயம்.

ஒலிம்பிக்கில் ஆண்கள் 2016 முதல் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டனர். பெண்களோ பாரிஸ் 2024 வரையிலும் அதை அணிந்தே மோதினர். தலைக்கவசம் வெட்டுக் காயத்தைக் குறைக்கும். மூளை அதிர்வை முழுமையாகத் தடுத்துவிடாது. இதைப் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கவசம் மாட்டிவிட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

உடையிலும் ஒரு சண்டை நடந்தது. 2010 உலகப் போட்டியின்போது, பெண்கள் பாவாடை அணிந்து மோதினால் பார்ப்பவர்களுக்கு ஆண் பெண் வேறுபாடு தெரியும் என்று அனைத்துலகச் சங்கம் யோசனை சொன்னது. வீராங்கனைகள் கொதித்தெழுந்தனர். அயர்லாந்தின் கேட்டி டெய்லர் அணிய மாட்டேன் என்றே சொல்லிவிட்டார். கடைசியில் 2012இல், விருப்பம் போல் எதையும் அணியலாம் என்று முடிவானது. 2019 முதல் முக்காடும் முழுக்கை உடையும் அணிந்து மோத அனுமதி உண்டு. நம் நாட்டு மலாய்ப் பெண்களுக்கு இது பெரிய வாய்ப்பு. கியூபாவைப் பாருங்கள்! ஒலிம்பிக்கில் தங்கமாக வாரிக் குவித்த நாடு, தன் பெண்களுக்குக் குத்துச்சண்டையை அனுமதித்தது 2022 டிசம்பரில்தான்.

பணமும் இப்போது எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. 2022 ஏப்ரல் 30ஆம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் கேட்டி டெய்லர், அமண்டா செரானோ மோதல் முதன்மைப் போட்டியாக நடந்தது. அந்தப் புகழ் பெற்ற அரங்கில் பெண்களின் குத்துச்சண்டை முதன்மை இடம் பிடித்தது அதுவே முதல் முறை.

யாரிடம் ஒப்படைக்கிறோம்?

பெண் பிள்ளை குத்துச்சண்டை கற்றால் தன்னைத் தானே காத்துக் கொள்வாள் என்று சிலர் சொல்வதுண்டு. ஓரளவு உண்மை. ஆனால் கிறிஸ்டி மார்ட்டினின் கதையையும் கேட்க வேண்டும்.

1996இல் மைக் டைசனின் போட்டிக்கு முன்னோடியாக நடந்த சண்டையில், மூக்கில் இரத்தம் ஒழுக ஒழுக நின்று வென்று, அமெரிக்கா முழுவதும் பேசப்பட்டவர் அவர். பெண்கள் குத்துச்சண்டைக்கு இரசிகர்களைத் தேடித் தந்தவரும் அவரே. அவருடைய பயிற்றுநர்தான் அவருக்குக் கணவர். 2010 நவம்பரில் அந்தக் கணவர் அவரைக் கத்தியால் குத்தித் துப்பாக்கியாலும் சுட்டார். கிறிஸ்டி உயிர் பிழைத்தார். கணவருக்கு 25 ஆண்டுச் சிறை. வளையத்தில் எவரையும் வீழ்த்தக் கூடிய பெண்ணுக்கு, தன் வாழ்க்கையையே கையில் வைத்திருந்தவரிடமிருந்து தப்ப வழி தெரியவில்லை. அதன் பிறகு அவர் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகப் பேசி வருகிறார்.

ஆகவே மகளைப் பயிற்சிக்கு அனுப்பும் தாய் தகப்பன், மூக்கைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் பயிற்சி நிலையத்தின் வாசலில் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பயிற்றுநர் சங்கத்தில் பதிந்தவரா? பெண் பயிற்றுநரோ பெண் பொறுப்பாளரோ உண்டா? பயிற்சி நேரத்தில் பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா? வெளியூர்ப் போட்டிக்குப் போனால் யார் உடன் போவார், எங்கே தங்குவார்கள்? எத்தனை மாதம் கழித்து எதிராளியோடு மோத விடுவார்கள்? ஒரே வயதும் எடையும் உள்ள பெண்ணோடுதான் மோத விடுவார்களா? தலையில் அடிபட்டால் எந்த மருத்துவரிடம் காட்டுவார்கள்? பிள்ளையின் எடையைக் குறைக்கப் பட்டினி போடுகிறார்களா? வளரும் வயதுப் பெண்ணுக்கு இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம்.

முகம் சுளிக்காமல் இதற்கெல்லாம் பதில் சொல்கிற இடம் நல்ல இடம். "எல்லாம் நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்று மட்டும் சொல்கிற இடத்திலிருந்து மகளை அழைத்துக் கொண்டு திரும்பிவிடலாம்.

முதல் சில மாதங்களில் எவரும் எவரையும் குத்துவதில்லை. கயிறு தாண்டுதல், கால் நகர்த்துதல், கையில் துணிப் பட்டை சுற்றப் பழகுதல், குத்துப்பையில் நேர்க்குத்து பழகுதல், இவ்வளவுதான். இதோடு நின்றுவிடும் பெண்களும் உண்டு, அவர்களுக்கு அதுவே நல்ல உடற்பயிற்சி. மேலே போக விரும்புகிறவர்களுக்கு 15, 16 வயதில் ஜூனியர், 17, 18 வயதில் இளையோர், 19 முதல் 40 வரை மூத்தோர் என்று பிரிவுகள் இருக்கின்றன. இலண்டனில் மூன்றாக இருந்த பெண்களின் எடைப் பிரிவுகள் தோக்கியோவில் ஐந்தாகவும் பாரிஸில் ஆறாகவும் உயர்ந்தன. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கும் ஏழு. இன்று 15 வயதில் ஜூனியர் பிரிவில் சேரும் ஒரு பெண், 2032 பிரிஸ்பேன் ஒலிம்பிக் வரும்போது இருபதைத் தாண்டியிருப்பாள்.